ரகசியப் பகுதி இருப்பின் மூன்று பிரதிகள்

லீவு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்றே எழுதியிருக்கலாம். எல்லாரும் காய்ச்சல் என்றுதான் எழுதுகிறார்கள். டைப்பிஸ்ட் தன் நாத்தனார் கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். டிரைவர் வீடு மாறுவதற்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாமான் ஏற்ற ஆபீஸ் வண்டியையே எடுத்துக்கொண்டு போனார். பதினோரு வருஷமாக நானும் வருஷா வருஷம் அதே இரண்டு நாளுக்குக் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். இந்தத் தடவை மட்டும் என் கை ஏன் 'குடும்பச் சடங்கு' என்று எழுதியது?

அவள் இப்படி நினைத்துக்கொண்டு நிற்கும்போது, இயக்குநர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கம்மா" என்றார்.

அந்த அறையில் நாற்காலிகள் இருப்பது அவளுக்குத் தெரியும். அவற்றின் மேல் குவிந்து கிடக்கும் கோப்புகளை வாரம் ஒருமுறை எடுத்து அடுக்குவது அவள் வேலை. அவற்றில் உட்காரலாம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அலுவலகத்தின் பெயர் பூர்வகுடி மரபு மரியாதை இயக்ககம். மூன்றாவது மாடியில், பல் டாக்டர் ஒருவருக்கும் தட்டச்சுப் பள்ளி ஒன்றுக்கும் நடுவில் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓட்டல்காரர் தன் நீச்சல்குளத் திறப்புவிழாவில், ஏதோ ஒரு குடியினரின் இழவுப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு விருந்தாளிகளை ஆடவைத்தார். பத்திரிகைகள் கொதித்தன. பூர்வகுடிகளின் புனிதச் சடங்குகளை வெளியார் காப்பியடிக்காமல், விற்காமல், தலையணை உறையில் அச்சடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு துறை வேண்டும் என்று முடிவானது. துறை வந்தது. இயக்குநர், துணை இயக்குநர், டைப்பிஸ்ட், தபால் பிரிவில் மூன்று பேர், டிரைவர், அட்டெண்டர் எல்லாரும் வந்தார்கள். அடுத்த வருஷம், கோப்புகளை அடுக்க, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி அவளை எடுத்தார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. ஆபீஸில் அவளை எல்லாரும் 'டெம்பரரி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீங்க மேல்கரை ஆளாம்மா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார்."

"மேல்கரைன்னா, இந்த ஊர் வர்றதுக்கு முன்னாடியே ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாங்களே, அவங்களா?"

"இப்பவும் இருக்கோம் சார்."

"சொல்லவே இல்லையே!"

"வேலைக்குச் சேரும்போது விண்ணப்பத்துல எழுதியிருந்தேன் சார்."

"அதையெல்லாம் யாரும்மா படிக்கிறா?" என்று அவர் மனம் விட்டுச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை இயக்குநர் மேடம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காணாமல் போன வளையலைச் சொந்த வீட்டு அலமாரியிலேயே கண்டுபிடித்தவர்போல இருந்தது அவர் முகம்.

இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவர் ஜன்னல் பக்கம் போனால் குறைந்தது பத்து நிமிஷம் பேசுவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"பன்னெண்டு வருஷமா நம்ம துறை ஒரு சடங்கைக்கூட அவமதிச்சதில்ல. ஏன்? ஒரு சடங்குகூட நம்ம கையில மாட்டல. மதிப்புங்கறது காத்துல தொங்குற சமாச்சாரமா? அதுக்கு ஒரு கோப்பு வேணும். கோப்புக்கு ஒரு நம்பர் வேணும். பதிவு பண்ணாத சடங்கை மதிக்க இந்தத் துறைக்கு அதிகாரமே கிடையாதும்மா. மதிச்சா ஆடிட்ல மாட்டிப்போம். நீங்க மட்டும் மனசு வெச்சா, உங்க சடங்குதான் நாங்க மதிக்கிற முதல் சடங்கா இருக்கும்."

மேடம் ஒன்பதாம் படிவத்தை அவள் முன்னால் நகர்த்தினார். பதினான்கு பக்கம். சடங்கின் பெயர், நாள், இடம், இடத்தின் வரைபடம், பாட்டு முழுமையாக, பொருட்கள், யார் யார் பார்க்கக்கூடாது, ஏன் பார்க்கக்கூடாது என்று நாற்பத்து மூன்று கட்டங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ரகசியப் பகுதி இருப்பின் மூன்று பிரதிகளில் தனியாக இணைக்கவும்.

"லீவு சார்?" என்றாள் அவள்.

"படிவம் வந்த உடனே கையெழுத்து. இன்னொரு விஷயமும் இருக்கு." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைப் பாதி வெளியே இழுத்துக் காட்டினார். அவளைப் பணிநிரந்தரம் செய்யும் ஆணை. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. "இதுவும் ரொம்ப நாளா இங்கேயே கிடக்குது, பாருங்க."

*

மேல்கரைப் பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடிச் செய்யும் அந்தச் சடங்கு என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்பதாம் படிவத்துக்குச் சொல்லாததை வாசகர்களுக்கு மட்டும் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் அதைப் பற்றிய ஒரு வழக்கத்தைச் சொல்லலாம். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சடங்கின் எந்தப் பகுதியையாவது வெளியாரிடம் சொல்லிவிட்டால், அந்தப் பகுதியை அதற்குப் பிறகு செய்யமாட்டார்கள். சண்டை கிடையாது, தண்டனை கிடையாது, சொன்னவளைத் திட்டுவதுகூடக் கிடையாது. அடுத்த வருஷம் அந்தப் பகுதி இருக்காது, அவ்வளவுதான். அப்படி ஏற்கெனவே இரண்டு பகுதிகள் போய்விட்டன. ஒன்று, யாரோ ஒரு அத்தை புதுமாப்பிள்ளையிடம் உளறியதால். இன்னொன்று, ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி ரொம்ப மரியாதையாகக் கேட்டதால்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு பெரியம்மாவுக்குப் போன் செய்தாள். பெரியம்மா பஸ் டிப்போவில் டைம்கீப்பர். போனில் பாதி நேரம் ஹாரன்தான் கேட்கும்.

"பெரியம்மா, ஆபீஸ்ல சடங்கைப் பத்திக் கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க?"

"எல்லாத்தையும். பதினாலு பக்கம்."

"எதுக்காம்?"

"வெளி ஆளுங்க யாரும் காப்பியடிக்காம இருக்கறதுக்கு."

பெரியம்மா ஒரு பஸ்ஸை அதட்டி அனுப்பிவிட்டு வந்தாள். "அதாவது, திருடன் வராம இருக்க, வீட்டுக் கதவைக் கழட்டி அவங்ககிட்ட குடுத்துடணும். அப்படித்தானே?"

"ரகசியப் பகுதி இருந்தா மூணு காப்பி வேணுமாம்."

பெரியம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த கண்டக்டர் யாரோ, "என்னக்கா, என்னக்கா?" என்று கேட்பது போனில் கேட்டது. "ஏன்டி மூணு? ஒண்ணு தொலைஞ்சாலும் ரகசியம் பத்திரமா இருக்கட்டும்னா?"

"சிரிக்காத பெரியம்மா. எழுதிக் குடுக்கலைன்னா லீவு கிடையாது. வேலையும் பெர்மனென்ட் ஆகாது."

"சரி, சிரிக்கல." உடனே இன்னொரு முறை சிரித்து ஓய்ந்தாள். "இங்க பாரு. நீ வரலைன்னா உன் இடத்தைக் காலியா விட்டுட்டுத்தான் பண்ணுவோம். நான் வேற யாரையும் அதுல நிறுத்த மாட்டேன். சொல்லிட்டு வந்தீன்னா, நீ வந்துடுவ, சொன்னது இருக்காது. உன்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஏய் இருபத்திரெண்டு, வண்டியை எடுப்பா, அங்க என்ன வேடிக்கை!"

போன் கட்டாகிவிட்டது.

ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெரியம்மாவுக்கு இடது பக்கம், சித்தி மகளுக்கு வலது பக்கம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. அந்த ஓர் இடத்தில்தான் அவள் டெம்பரரி இல்லை. அங்கே போய் நின்றுகொண்டு, தன் வாயால் போன ஒன்றின் நேரம் வரும்போது, எல்லாரும் பேசாமல் அதைத் தாண்டிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மறுநாள் படிவத்தை நிரப்பினாள். தன் பெயர், முகவரி எழுதினாள். சடங்கைப் பற்றிய நாற்பத்து மூன்று கட்டங்களிலும், ஒன்று விடாமல், 'சொல்வதற்கில்லை' என்று எழுதினாள். கொடுத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, திட்டு வாங்கத் தயாராகக் காத்திருந்தாள்.

திட்டு வரவில்லை. மேடம்தான் வந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"எவ்வளவு ஆழம்!" என்றார். "நாப்பத்து மூணு தடவை! படிக்கப் படிக்க எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் இதைச் சொல்லணும், இல்லையா?"

"இல்ல மேடம். அது வந்து, நான் சொல்ல முடியாதுன்னுதான்..."

"புரியுது, புரியுது. மேல பேசாதீங்க. அதான் இதோட அழகே."

*

அடுத்த திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. டைப்பிஸ்ட்தான் அதை அடித்தாள். அடித்து முடித்ததும் நேராக அவளிடம்தான் கொண்டுவந்தாள்.

"இதைப் படிச்சுட்டு எனக்கு ஒரு வழி சொல்லுடி. நான் கல்லா சமைஞ்சு போயிட்டேன்."

சுற்றறிக்கையின் சாரம் இது: மேல்கரைச் சடங்கைத் துறை ஊழியர்கள் யாரும் தெரியாமல்கூடக் காப்பியடித்துவிடக் கூடாது. எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தால்தான் செய்யாமல் இருக்க முடியும். ஆகவே வரும் புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு, அனைவரும் ஒருமுறை அதைச் செய்து பார்க்க வேண்டும். பயிற்சியின் பெயர் தவிர்ப்புப் பயிற்சி. செயலர் நேரில் வருகிறார். வராதவர்களுக்கு விளக்கக் கடிதம் அனுப்பப்படும்.

"ஆனா யாருக்கும் அது என்னன்னே தெரியாதே," என்றாள் அவள்.

"மேடமே யோசிச்சு எழுதிட்டாங்க. பதினேழு அசைவு. நடுவுல நாப்பத்து மூணு தடவை 'சொல்வதற்கில்லை' சொல்லணும். தபால் பிரிவு மூணு பேரும் ஆறு."

"ஆறா?"

"கான்பரன்ஸ் ரூம் நீலக் கர்ட்டனைக் கழட்டி ஆத்துத் தண்ணி மாதிரி ஆட்டணுமாம். மூத்த பெண் வேஷத்துக்கு டிரைவர்."

"அது பொம்பளைங்க மட்டும் பண்றதுடி!"

"இயக்குநர் சொல்லிட்டாரு, நம்ம துறையில ஆண் பெண் பேதம் கிடையாதாம்." டைப்பிஸ்ட் குரலைத் தாழ்த்தினாள். "டிரைவர் உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. மீசை இருக்கலாமா, எடுக்கணுமா?"

"சொல்வதற்கில்லை," என்றாள் அவள்.

இருவரும் கோப்பு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, தன் கண்ணில் வந்தது வெறும் சிரிப்புத் தண்ணீர்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. மேடம் தோளில் மணிகள் தைத்த ஒரு துணியைப் போட்டுக்கொண்டு வந்தார். எந்தக் குடியினருடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லையாம். "நான் இதை உடுத்திக்கல. சும்மா தாங்கிட்டிருக்கேன்," என்று எல்லாரிடமும் தனித்தனியாக விளக்கினார். அட்டெண்டருக்குப் புரியவில்லை. "அவ்வளவு கனமா இருந்தா குடுங்க மேடம், நான் தூக்கிக்கறேன்," என்றார்.

ஒத்திகை முடிந்ததும் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க எதையும் சொல்ல வேண்டாம். உங்க மௌனத்தை நான் மதிக்கிறேன். நாளைக்கு முன் வரிசையில சும்மா உட்கார்ந்திருங்க, போதும். நான் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். தற்செயலா எங்கயாவது சரியா அமைஞ்சிடுச்சுன்னா, முகத்துல ஒரு சின்ன மாத்தம் வரும். அதை நான் குறிச்சுக்கறேன். நீங்க சொன்னதாவும் ஆகாது."

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இந்த அம்மாளை இத்தனை நாள் அசடு என்று நினைத்திருந்தோமே என்று தோன்றியது. வாயைப் பூட்டலாம். முகத்துக்கு எங்கே பூட்டு போடுவது?

அன்று சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளப் பழகினாள். தன் முகத்தைத் தான் இத்தனை நேரம் பார்த்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அது எவ்வளவு வாயாடியாக இருந்தது! புருவம் ஒன்று சொன்னது, உதடு ஒன்று சொன்னது. ஒரு மணி நேரம் போராடி இரண்டையும் அடக்கினாள்.

*

புதன்கிழமை செயலர் மூன்றே முக்காலுக்கு வந்தார். முதலில் இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொன்னார்.

"எங்க வீட்டு ஹால்ல பூர்வகுடி முகமூடி ஆறு மாட்டி வெச்சிருக்கேன். எல்லாம் ரொம்பப் பழசு, ரொம்பப் புனிதமானது. வாங்கி பதினெட்டு வருஷம் ஆச்சு. இந்த நிமிஷம் வரைக்கும் அதுல ஒண்ணைக்கூட நான் என் முகத்துல மாட்டிப் பார்த்ததில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அதுதாங்க மரியாதை."

எல்லாரும் கை தட்டினார்கள்.

தவிர்ப்புப் பயிற்சி ஆரம்பமானது. நீலக் கர்ட்டன் ஆடியது. தபால் பிரிவில் ஒருவருக்குக் கர்ட்டன் தூசி ஒத்துக்கொள்ளாமல் ஆறு தொடர்ந்து தும்மியது. டிரைவர் மீசையை எடுக்காமல் முக்காடு போட்டு மறைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அசைவுக்கும் ஊழியர்கள் ஒரே குரலில் "சொல்வதற்கில்லை" என்றார்கள். இருபதாவது தடவைக்குப் பிறகு அலுத்துப்போய், காய்கறி விற்கிற ராகத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். செயலர் தலையை ஆட்டி ரசித்தார். மேடம் கையில் பென்சிலோடு அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு ஆரம்பத்தில் சுலபமாகவே இருந்தது. இவ்வளவு அபத்தமான ஒன்றைப் பார்த்து முகத்தில் எந்த உண்மை வந்துவிடப் போகிறது? கொஞ்சம் தைரியம்கூட வந்தது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும் பாடாக இருந்தது.

அப்போதுதான் டிரைவருக்கு வரிசை மறந்துபோனது. அடுத்து என்ன என்று தெரியாமல் நடுவில் திகைத்து நின்றார். முழங்கால் வலி வேறு. சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு, யாரும் சொல்லித் தராத, மேடத்தின் தாளில் எழுதப்படாத ஒன்றை, தானாகவே செய்தார்.

என்ன செய்தார் என்பதை எழுத முடியாது.

அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று எழுந்து நின்றது. ஆத்துக்கு அந்தப் பக்கம், பெரியம்மாவுக்கு இடது பக்கம் நிற்கும்போது எழுகிற அதேதான். இந்த ஏசி அறையில், கர்ட்டன் தூசியில், ஒரு மீசைக்கார டிரைவரைப் பார்த்து அது எழுந்தது. எழக்கூடாது என்று அதனிடம் கெஞ்சினாள். அலமாரியில், மரபைச் சுருக்கி 'மர' என்று தொடங்கும் கோப்பு எண்களை முதலிலிருந்து மனதுக்குள் ஒப்பிக்க ஆரம்பித்தாள். மர ஒன்று, மர இரண்டு, மர மூன்று அ, மர மூன்று ஆ. மர ஏழாம் கோப்பைத் தபால் பிரிவு எடுத்துப்போய் நாலு மாதமாகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை. அந்தக் கோபத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். மர எட்டு. மர ஒன்பது. முகம் அப்படியே இருந்தது.

டிரைவருக்கு ஞாபகம் வந்து மறுபடி அசைவைத் தொடர்ந்தார். ஆறு தும்மியது. ஊழியர்கள் "சொல்வதற்கில்லை" என்றார்கள்.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. கூடவே ஒரு சின்ன சந்தேகமும் இருந்தது. அவர் எழுந்துபோய் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார்.

எல்லாம் முடிந்து பிஸ்கட் தட்டு சுற்றி வந்துகொண்டிருக்கும்போது, இயக்குநர் அவளை மேஜைக்கு அழைத்து உட்காரவைத்தார். மேஜை மேல் மூன்று தாள்கள். ஒரு பக்கம் விடுமுறை விண்ணப்பம், இன்னொரு பக்கம் பணிநிரந்தர ஆணை. நடுவில் புதிதாக அடித்த ஒரு தாளில் இரண்டே இரண்டு கட்டங்கள்: சரி, தவறு.

"உங்களை எதுவும் எழுதச் சொல்லல. பேசச் சொல்லல," என்றார் இயக்குநர். "நாங்க செஞ்சது சரியா, தப்பா? ஒரே ஒரு டிக். எதைப் போட்டாலும் நாங்க மதிப்போம். செயலர் முன்னாடியே இந்த ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுடறேன்."

செயலர் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே தலையசைத்தார். டைப்பிஸ்ட் குறிப்பேட்டோடு ஓரத்தில் நின்றிருந்தாள். அதில் எதையும் எழுதவில்லை.

மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். தவறு என்று போடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அதில் பெரும்பாலும் உண்மையும் இருக்கிறது. ஆனால் எது எது தவறு என்று மேடம் நாளைக்கே கேட்பார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, டிரைவர் மறந்துபோய் நின்ற இடத்தில் வந்து நிற்பார். இன்றைக்கு முகம் காப்பாற்றியதை அன்றைக்குக் குரல் காப்பாற்றுமா? சரி என்று போட்டாலோ, ஆத்துக்கு அந்தப் பக்கம் இனி அது கிடையாது. யாரும் அவளை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பேனா முனை தாளுக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். தும்மிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"மாட்டேன் சார்," என்றாள்.

அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் செயலருக்குக் கேட்கவில்லை. "என்ன சொல்றாங்க?"

"மாட்டாங்களாம் சார்," என்றாள் டைப்பிஸ்ட், கணீரென்று.

"எதை மாட்டாங்களாம்? சரியையா, தப்பையா?"

"ரெண்டையும் சார்," என்றாள் அவள்.

"அப்போ இது சரியில்லைங்கறீங்களா?"

"இல்ல சார்."

"சரிங்கறீங்களா?"

"இல்ல சார்."

இயக்குநர் பணிநிரந்தர ஆணையின் ஓரத்தை விரலால் தடவினார். அவர் குரலில் கோபம் இல்லை; பாடம் புரியாத பிள்ளையின் தவிப்பு இருந்தது. "ஒரு டிக்தானேம்மா. அதுகூடவா முடியாது? ஏன்னு மட்டுமாவது சொல்லுங்களேன்."

"நாளைக்கும் நாளன்னைக்கும் நான் வர மாட்டேன் சார். திங்கட்கிழமை வருவேன். வேலை இருந்தா செய்யறேன்."

"ஏன்னு கேட்டேனே?"

அவள் பேனாவை மூடினாள். தாளின் மேல் அது உருளாதபடி குறுக்காக வைத்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தாள்.